காற்றில்லாத கடலில்

நாளைக்கு என்ன நடக்கும் என்பதை இன்றைக்கே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்னும் ஆசை, நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு ஏறக்குறைய ஒரு வியாதியாகவே இருந்து வருகிறது. பிள்ளை பரீட்சைக்குப் போகுமுன் ஜாதகக் கட்டு அவிழ்க்கப்படுகிறது. பெண்ணுக்கு வரன் வந்தால் இரண்டு ஜோசியர்களைப் பார்க்கிறோம். இருவரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் சந்தேகம் வந்து மூன்றாமவரிடம் போகிறோம். முன்னெல்லாம் இதற்காவது வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. இப்போது கைத்தொலைபேசியே காலையில் எழுந்ததும் ராசிபலன் சொல்லிவிடுகிறது.

கிறிஸ்தவ நண்பர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். வருஷப் பிறப்பன்று நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் தென்பாண்டிச் சீமைக் கோயில்களில் உண்டு. வேதாகமத்தின் வசனம் ஒன்று அச்சிட்ட சிறிய அட்டை; அந்த வருஷம் முழுவதற்கும் அதுதான் தமக்கு ஆண்டவர் தந்த வாக்கு என்று பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அழகான வழக்கந்தான். ஆனால் நாம் கவனித்த வரையில், அந்த அட்டைகளில் எல்லாம் செழிப்பும் சமாதானமும் உயர்வுமே வருகின்றன. யோபு குப்பைமேட்டில் உட்கார்ந்து புலம்பிய பகுதியிலிருந்து ஓர் அட்டைகூட அச்சாவதில்லை. யார்தான் அதை எடுக்கக் கை நீட்டுவார்கள்?

தெரியாத நாளையைக் கடவுளிடம் ஒப்புவித்துவிடு என்று கிறிஸ்தவ உபதேசம் சொல்கிறது. ஒப்புவிப்பது என்றால் என்ன? முடிவு நமக்கு நல்லதாகவே அமையும் என்று முன்கூட்டியே உறுதி பெற்றுக்கொள்வதா? அப்படியானால் ஜோசியத்துக்கும் அதற்கும் பெயர்தான் வேற்றுமை. அல்லது, எது வந்தாலும் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிடுவதா? அதற்குச் சோம்பல் என்று வேறு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இந்த இரண்டும் அல்லாத ஒன்றை நாம் விளங்கிக்கொண்டது, பிரசங்கங்களைக் கேட்டு அல்ல. ஒரு பாட்டின் சரித்திரத்தைப் படித்தும், பிறகு ஓர் அம்மாளின் பக்கத்து வீட்டில் குடியிருந்தும்தான்.

பாட்டு இங்கிலீஷ் பாட்டு. 'லீட், கைண்ட்லி லைட்' என்று அதன் முதற் சொற்களாலேயே உலகம் அதை அறியும். எழுதியவர் ஜான் ஹென்றி நியூமன். நாம் கலாசாலையில் வாசித்த காலத்தில், ஓர் உபாத்தியாயர் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே அதன் மெட்டை முணுமுணுப்பார். மதிப்பெண் குறையக் குறைய மெட்டின் சோகம் அதிகமாகும். அந்த நாளில் அதற்குமேல் அந்தப் பாட்டைப் பற்றி நாம் நினைத்ததில்லை.

நியூமன் 1801-ல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியின் உறுப்பினர். 1828 முதல் அங்குள்ள புனித மரியாள் கோயிலின் குரு. அப்போது அவர் ஆங்கில சபையைச் சேர்ந்தவர். 1832 டிசம்பரில் ஹரல் ஃப்ரூட் என்ற நண்பரோடும் அவருடைய தகப்பனாரோடும் மத்தியதரைக் கடல் யாத்திரை புறப்பட்டார். மால்ட்டா, நேபிள்ஸ், ரோமாபுரி எல்லாம் பார்த்து முடிந்ததும், 1833 ஏப்ரலில் நண்பர்கள் ஊர் திரும்பினார்கள். நியூமனுக்கு மட்டும் சிசிலித் தீவின்மேல் ஒரு மோகம். ஒரு வேலைக்காரனை அழைத்துக்கொண்டு தனியே அங்கே மறுபடியும் போனார்.

போன இடத்தில் கடும் ஜுரம் கண்டது. மலைப்பாதையில் கழுதைகளைத் தவிர வேறு வாகனம் இல்லாத ஊர்கள். லியான்போர்ட்டே என்ற ஊரில் படுத்தார். அங்கிருந்து எப்படியோ காஸ்ட்ரோஜொவான்னி வரை போய்ச் சேர்ந்து, அங்கே வாரக்கணக்கில் கிடந்தார். எஜமானர் பிழைக்கமாட்டார் என்று தீர்மானித்துவிட்ட வேலைக்காரன், கடைசி உத்தரவுகளைச் சொல்லும்படி கேட்டான். நியூமன் சொன்னார். ஆனால் தாம் சாகப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். தேறி எழுந்து புறப்பட்ட நாளில் கட்டிலின்மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாராம். காரணம் கேட்ட வேலைக்காரனிடம், இங்கிலாந்தில் தமக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடிந்தது. என்ன வேலை? அது அவருக்கே தெரியாது. இந்த இடத்தை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். வேலை உண்டு என்ற நிச்சயம் இருக்கிறது; என்ன வேலை என்ற விவரம் இல்லை. வீட்டுக்குப் போகக் கப்பல்கூட இல்லை!

பலெர்மோ துறைமுகத்தில் மூன்று வாரம் காத்திருந்தார். கடைசியில் மார்செய்ல்ஸுக்கு ஆரஞ்சுப் பழம் ஏற்றிப் போகும் ஒரு பாய்க்கப்பலில் இடம் கிடைத்தது. அதுவாவது ஓடியதா? கார்சிக்காவுக்கும் சார்டீனியாவுக்கும் நடுவில் பொனிபாச்சியோ ஜலசந்தியில் காற்று அறவே நின்றுவிட்டது. ஒரு வாரம் முழுவதும் கப்பல் அசையவில்லை. நீராவிக் கப்பல்கள் அப்பொழுதே வந்துவிட்டன. ஆனால் பழக்கப்பலுக்குப் பாய்தான் கதி. பழம் அழுகிவிடுமே என்று கப்பல்காரன் வானத்தைப் பார்த்திருப்பான். நோயில் இளைத்த முப்பத்திரண்டு வயது வாலிபரும் தளத்தில் உட்கார்ந்து அதே வானத்தைத்தான் பார்த்திருப்பார். அந்தப் பிரயாணத்தில், 1833 ஜூன் 16-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, மூன்றே செய்யுட்கள் கொண்ட அந்தப் பாட்டை எழுதினார்.

பாட்டுக்கு அவர் இட்ட தலைப்பு 'மேக ஸ்தம்பம்'. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்களுக்கு முன்னால் பகலில் மேகத் தூணும் இரவில் அக்கினித் தூணும் சென்றன என்பது வேதாகமக் கதை. அந்தக் கதையில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம், தூண் நகர்ந்தால் ஜனங்கள் நகர வேண்டும், தூண் நின்றால் அவர்களும் கூடாரம் அடித்து நின்றுவிட வேண்டும் என்பதுதான். நாற்பது வருஷ நடையில் எத்தனை நாள் நின்றார்களோ! வழிகாட்டப்படுவது என்றால் ஓடிக்கொண்டே இருப்பது என்று நாம் எண்ணுகிறோம். நிறுத்தி வைக்கப்படுவதும் வழிகாட்டலில் சேர்த்தியாம். காற்றில்லாத கடலில் கிடந்தவருக்கு இந்தத் தலைப்புத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

பாட்டில் அவர் கேட்டது மிகவும் கொஞ்சம். தூரத்துக் காட்சி தமக்கு வேண்டாம் என்கிறார். காலடிக்கு அடுத்த காலடி தெரிந்தால் போதும் என்ற அளவில் அவருடைய விண்ணப்பம் நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் தம் பாதையைத் தாமே பொறுக்கி எடுப்பதில் இருந்த விருப்பத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார். பாட்டின் முடிவில், இழந்த முகங்களை விடியற்காலையில் மீண்டும் காண்பது பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அவருடைய அருமைத் தங்கை மேரி 1828-ல் திடீரென்று இறந்துபோனவள். அவளைத்தான் சொல்கிறாரோ என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் பல வருஷம் கழித்து ஒருவர் அந்த வரிகளின் பொருளைக் கேட்டு எழுதியபோது, எழுதிய காலத்து நினைப்பை என்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கக் கவிஞன் கடமைப்பட்டவனல்ல என்று பதில் எழுதிவிட்டார். உரையாசிரியர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கேட்ட ஒளி கிடைத்ததா? கிடைத்தது என்று அவரே நம்பினார். ஆனால் அது அவரை எங்கே கொண்டு போயிற்று என்று பார்க்க வேண்டும். வாக்குத்தத்த அட்டையில் இது வராது. 1833 ஜூலையில் ஊர் சேர்ந்தார். சில நாட்களிலேயே ஆக்ஸ்போர்டில் ஒரு பெரிய சமய இயக்கம் தொடங்கியது. அதன் முன்னணியில் நின்றார். எட்டு வருஷம் புகழ் இருந்தது. 1841-ல் அவர் எழுதிய ஒரு பிரசுரத்தைச் சபையின் மேற்றிராணிமார் வரிசையாகக் கண்டித்தார்கள். பக்கத்துக் கிராமமான லிட்டில்மோருக்கு ஒதுங்கினார். 1843-ல் கோயிற் பதவியை விட்டார். 1845 அக்டோபரில் கொட்டும் மழையில் நனைந்துகொண்டு வந்த டொமினிக் பார்பெரி என்ற இத்தாலியச் சந்நியாசியின் கையால் கத்தோலிக்க சபையில் சேர்ந்தார். அன்றோடு பழைய நண்பர்களில் பலர் போனார்கள். பிரியமான ஆக்ஸ்போர்டும் போயிற்று. 1846-ல் அந்த நகரை விட்டவர், மறுபடியும் அதற்குள் கால் வைத்தது 1878-ல். இடையில் முப்பத்திரண்டு வருஷம், ரயில் ஜன்னலிலிருந்து அதன் கோபுரங்களைப் பார்த்ததோடு சரி.

போன இடத்திலாவது மாலை மரியாதையோ? அதுவும் இல்லை. அவதூறு வழக்கொன்றில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 1853-ல் நூறு பவுன் அபராதம் விதிக்கப்பட்டார். டப்ளினில் ஒரு சர்வகலாசாலையை நிறுவி நடத்தப் போய், 1858-ல் மனம் சலித்து விலகினார். பழைய சபையார் அவரைத் துரோகி என்றார்கள். புதிய சபையில் சிலர் அவரை முழுதும் நம்பவில்லை. 1879-ல் போப் பதின்மூன்றாம் லியோ அவரைக் கர்தினால் ஆக்கியபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. 2019-ல் புனிதர் பட்டமும் வந்தது. அதற்குள் அவர் இறந்து 129 வருஷம் ஆகியிருந்தது! வெளிச்சம் கேட்டவருக்கு வெளிச்சந்தான் கொடுக்கப்பட்டது. சௌகரியத்தை அவர் கேட்கவுமில்லை, அது கொடுக்கப்படவுமில்லை.

பாட்டோ எழுதியவரை விட்டுத் தனியே உலகம் சுற்றப் போய்விட்டது. 1909 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டர்ஹாம் ஜில்லாவில் வெஸ்ட் ஸ்டான்லி நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 168 பேர் மாண்டார்கள். உள்ளே இருட்டில் அகப்பட்டு உயிரோடிருந்த சிலர் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் மீட்கப்பட்டார்கள்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1908 பிப்ரவரி 10-ந் தேதி, ஜோஹான்னஸ்பர்க் வீதியில் காந்தியடிகளை மீர் ஆலம் என்ற பட்டாணியர் தடியால் அடித்து வீழ்த்தினார். உடன் சென்ற நமது தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. ஜோசப் டோக் என்ற பாப்டிஸ்டுப் பாதிரியார் காந்திஜியைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அடித்தவர்மேல் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உதடு கிழிந்து பேசமுடியாமல் படுத்திருந்த காந்திஜி, பாதிரியாரின் சிறு பெண் ஆலிவைத் தமக்குப் பிடித்த இந்தப் பாட்டைப் பாடும்படி கேட்டுக்கொண்டார். அறைக்கு வெளியே நின்று அவள் பாடினாள். அப்போது அவர் நிலைமை என்ன? ஜெனரல் ஸ்மட்ஸோடு செய்துகொண்ட உடன்பாட்டைத் தம் ஜனங்களிலேயே பலர் சந்தேகித்தார்கள். ஸ்மட்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாரா என்பதும் தெரியாது. காப்பாற்றப்படவில்லை என்பதும், அதே ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான பதிவுச் சீட்டுகள் தீயிலிடப்பட்டன என்பதும் சரித்திரம். பாட்டைக் கேட்ட படுக்கையில் இதில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. எழுந்து நடமாட முடிந்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். பிற்காலத்தில் நரசிம்மராவ் திவேட்டியா குஜராத்தியில் செய்த இப்பாட்டின் வடிவம் ஆசிரம பஜனைகளில் சேர்ந்தது. கிறிஸ்தவர் ஒருவர் கடல் நடுவே கேட்டதை சபர்மதிக் கரையில் வைஷ்ணவர்களும் கேட்டார்கள்.

நாம் மேலே சொன்ன அம்மாளுக்கு நியூமன் பெயரும் தெரியாது. இந்தப் பாட்டும் தெரியாது. நாம் சில வருஷம் தூத்துக்குடியில் குடியிருந்தபோது அடுத்த வீட்டில் இருந்தார். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம். மூத்த மகன் சரக்குக் கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை. 2019 ஆகஸ்டில் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஏறினவன், 2020 மே மாதத்தில் இறங்கி வரவேண்டும். அதற்குள் கொரோனா என்னும் கொள்ளைநோய் வந்து துறைமுகங்களின் கதவைச் சாத்திவிட்டது. சரக்கை இறக்கலாம், மனிதன் இறங்கக்கூடாது! அந்த வருஷக் கடைசியில் உலகம் முழுவதும் சுமார் 4,00,000 மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பல்களிலேயே கிடந்தார்கள். அந்த நாலு லட்சத்தில் ஒருவன் எங்கள் அடுத்த வீட்டுப் பையன். காற்று நின்றாலும் யந்திரம் ஓடும் காலத்திலுங்கூடக் கப்பல் நிற்கத்தான் செய்கிறது.

அந்த அம்மாள் தினமும் விடியுமுன் பனிமய மாதா கோயிலுக்குப் போவார். கோயில்கள் அடைத்துக்கிடந்த மாதங்களில், வெளியே நின்று பூட்டிய கதவைப் பார்த்து ஜெபமாலையை உருட்டிவிட்டு வருவார். அந்த வருஷம் ஆகஸ்டில் மாதாவின் திருவிழாவும் ஜனக்கூட்டமில்லாமலே நடந்தது. ஆனால் அவர் ஜெபமாலையோடு நின்றுவிடவில்லை. காலை பத்து மணி அடித்ததும் கப்பல் ஏஜெண்டின் ஆபீஸுக்குத் தொலைபேசி. யார் எடுத்தார், என்ன சொன்னார் என்பதையெல்லாம் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதியிட்டு எழுதி வைப்பார். நம்மிடம் வந்து, "அண்ணாச்சி, கலெக்டருக்கு இன்னொரு மனு எழுதணும்" என்பார். எழுதிக் கொடுப்போம். நான்காவது மனுவுக்கு நம் வீட்டுப் பெண்மணி, "அக்கா, மூணு போயும் பதில் இல்லையே" என்றாள். "அதுக்கு என்ன செய்ய? மாதாகிட்ட தினம் கேக்கலியா? அதே மாதிரிதான் இதுவும்" என்றார். ஜூன் மாதத்தில் மகன் அறைக்கு வெள்ளையடித்தார். அவன் எப்போது வருவான் என்று அப்போது எவருக்கும் தெரியாது.

பிரார்த்தனையும் மனுவும் அந்த அம்மாளுக்கு ஒரே காரியத்தின் இரண்டு கைகளாக இருந்தன. கடவுளை நம்புகிறவன் ஏன் ஏஜெண்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்கிற தர்க்கவாதிகள் உண்டு. அவர்கள் அடுப்பில் உலை வைக்காமல் அன்றாட அப்பத்துக்காகப் பிரார்த்தித்துப் பார்க்கட்டும்.

அக்டோபரில் அவருடைய கணவர் காலமானார். கொரோனா அல்ல, வெகுநாளைய சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. மகன் கப்பலிலிருந்து தொலைபேசித் திரையில் தகப்பனின் முகத்தைப் பார்த்தான்; அதுவும் நடுவில் அறுந்து அறுந்து போயிற்று. தாயார் அவனுக்காகவும் ஜெபித்தார், இவருக்காகவும் ஜெபித்தார். அதே வாய், அதே ஜெபமாலை. 2021 ஜனவரியில் மகன் பதினேழு மாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தான். வெள்ளையடித்த அறையில் படுத்தான். ஒன்று கேட்கப்பட்டது, ஒன்று கேட்கப்படவில்லை.

சாவு வீட்டுக்கு வந்து கடவுளின் திட்டத்தை விளக்குகிறவர்களை நமக்கு எப்போதுமே பிடிப்பதில்லை. திட்டத்தை வகுத்தபோது கூட இருந்தவர்கள் போலப் பேசுவார்கள். அந்த வீட்டுக்கும் இரண்டொருவர் வந்தார்கள். அம்மாள் அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார், பதில் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து சில நாட்களுக்குப் பிறகு, நாம் கேட்காமலே நம்மிடம் சொன்னார்: "ஏன் இப்படி ஆச்சுன்னு தினமும் மாதாகிட்ட கேக்கத்தான் செய்யுதேன் அண்ணாச்சி. இன்னும் ஒண்ணும் தெரியல. போகாம இருக்கவும் முடியல." பிறகு, மகனுக்குச் சேரவேண்டிய பாக்கிச் சம்பளத்துக்குக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். உட்கார்ந்து எழுதினோம்.

விசுவாசம் என்ற சொல்லுக்கு நாம் அறிந்த பாஷியங்களில் இதைவிடச் சிறந்தது இல்லை என்று நினைக்கிறோம். முடிவு தெரிந்தவரின் பேச்சு அல்ல அது. சமாதானமடைந்தவரின் பேச்சுங்கூட அல்ல. கேள்வியோடு கோயிலுக்குப் போய், கேள்வியோடு திரும்பி வந்து, அன்றைய கடிதத்தை எழுதிவிடுகிறவரின் பேச்சு. 2021 கடைசியில் மகன் மறுபடியும் கப்பல் ஏறினான். "பயமா இல்லையா அக்கா?" என்று நம் வீட்டில் கேட்டதற்கு, "இருக்கு" என்றார். அவன் பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார் அப்போது.

நியூமன் 1890 ஆகஸ்டு 11-ந் தேதி பர்மிங்ஹாமில் காலமானார். கடைசிக் காலத்தில் கண் மங்கி, விரல்கள் வளையாமல், பேனாப் பிடிப்பதே கஷ்டமாயிற்று. அந்த நாட்களில் அவர் கேட்க விரும்பிய பாட்டு, உலகம் முழுவதும் பாடிக்கொண்டிருந்த தம்முடைய பாட்டு அல்ல. ஃபேபர் என்பவர் நித்தியத்தைப் பற்றி எழுதிய ஒரு பாட்டு. ஒரு காலத்தில் இருவருக்கும் கடுமையான மனஸ்தாபம் இருந்தது. ஃபேபர் 1863-லேயே இறந்துவிட்டார். என்னுடையது இருளில் இருக்கிறவனின் குரல், இது ஒளியைக் கண்டவனின் குரல் என்ற கருத்தில் கிழவர் ஏதோ சொல்லிவிட்டு, ஃபேபரின் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.